எதிரில் அமர்ந்திருந்தவர்

மாட்டுவண்டி போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே வயதான புலவர் ஒருவர். அவருக்கு எதிரே இருபது வயதை எட்டாத ஒரு பையன், இடக்கையில் ஓலைச் சுவடியும் வலக்கையில் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கிறான். புலவர் ஒரு செய்யுளைச் சொல்லச் சொல்லப் பையன் ஓலையில் கீறிக்கொண்டே வருகிறான். ஒரு செய்யுள் முடிகிறது. சற்று இடைவெளி. அடுத்தது தொடங்குகிறது.

இது 1870களின் தொடக்கத்தில் காவிரிநாட்டில் நடந்தது. புலவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பையன், உ.வே. சாமிநாதையர். பயணத்தின்போதும் ஆசிரியர் பாடிக்கொண்டு வந்ததையும், வண்டியிலேயே தாம் அதை எழுதியதையும் உ.வே.சா. தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வண்டியில் இதைப் போலவே ஒன்று நடந்தது. அது ரயில் வண்டி. அஞ்சல் துறை அதிகாரி ஒருவர் அலுவல் காரணமாக ஓயாமல் ரயிலில் அலைந்தார். பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் வீணாகிறதே என்று மடிமேல் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் நாவல் எழுதினார். ரயில் ஆட்டத்தில் கிறுக்கலாய் விழுந்ததையெல்லாம் வீட்டில் அவர் மனைவி ரோஸ் நல்ல பிரதியாக எடுத்தெழுதினார். 1857இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இப்படி உருவானதுதான். அதிகாரியின் பெயர் ஆன்டனி டிரோலப்.

பிள்ளையும் டிரோலப்பும் பிறந்தது ஒரே மாதத்தில், 1815 ஏப்ரலில். ஒருவர் திரிசிரபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், மற்றவர் லண்டனில். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. இருவரும் மலைக்க வைக்கும் அளவுக்கு எழுதிக் குவித்தார்கள். டிரோலப் எழுதிய நாவல்கள் 47. பிள்ளை பாடியவற்றில் தலபுராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல்; பிள்ளைத்தமிழ், அந்தாதி, உலா, கோவை எல்லாம் அதற்கு வெளியே.

எழுதுகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் தவறாமல் எழும் ஒரு வாதம் உண்டு. தினமும் மேசையில் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் எழுத வேண்டும் என்பார் ஒருவர். எழுத்து என்ன ஆலை வேலையா, அது தானாக வர வேண்டும், வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பார் இன்னொருவர். ‘மூட் வரலை’ என்று சாதாரணமாகச் சொல்வதற்கும், ‘இன்னும் கைகூடவில்லை’ என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்வதற்கும் பொருள் ஒன்றுதான். வாதம் மனஉறுதிக்கும் மனநிலைக்கும் இடையிலான வழக்காகவே நடந்து முடிகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். அந்த இரண்டு வண்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் வேறொரு கேள்வி எழுந்தது. எழுத்தாளர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று இத்தனை காலம் கேட்டுவந்திருக்கிறோம். எழுத்தாளருக்காகக் காத்திருந்தவர் யார் என்று ஏன் கேட்கவில்லை?

டிரோலப்பின் கதையை முதலில் பார்ப்போம். ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாக உலகம் முழுதும் அவரைத்தான் சொல்கிறார்கள். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார், சொற்களின் ஓசை காதில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக. அதன் பிறகு பைக்கடிகாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். மூன்று மணி நேரம் முடிந்ததும் எழுந்து, உடை மாற்றிக்கொண்டு, அலுவலக வேலைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அதில் நாளுக்கு எத்தனை பக்கம் என்று குறிப்பார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம், பக்கத்துக்கு 250 சொற்கள். எழுதாமல் விட்ட நாட்கள் அந்தக் குறிப்பேட்டில் வெறுமையாக நின்று தம்மை முறைத்துப் பார்க்கும் என்று அவரே சொல்கிறார். 1858இல் எகிப்துக்குக் கப்பலில் போகும்போது கடல்நோயோடு ‘டாக்டர் தோர்ன்’ நாவலை எழுதினார். அதை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். 1875இல் அவரோடு ஒரே கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்த ஹென்றி ஜேம்ஸ், அந்த மனிதர் காலைதோறும் அறைக்குள் போய் எழுதுவதைக் கண்டு வியந்தார்.

இவ்வளவையும் டிரோலப் ஒளிக்காமல் சொன்னார். அவர் இறந்த பின் 1883இல் வெளிவந்த சுயசரிதையில் எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்ற பட்டியல் இருக்கிறது. கூட்டுத்தொகை 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ். செருப்புத் தைப்பவர் ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை, எழுத்தாளர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அதில் கேட்டார். வாசகர்கள் மனம் கோணிவிட்டது. கலைஞன் என்று நினைத்தவர் கணக்கப்பிள்ளையாக இருக்கிறாரே என்ற ஏமாற்றம். அதன் பின் நெடுங்காலம் அவர் மதிப்பு தாழ்ந்தே இருந்தது.

எல்லோரும் கடியாரத்தையும் 250 சொற்களையும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதரை விட்டுவிடுகிறார்கள். ஐந்தரை மணிக்கு டிரோலப் தானாக எழுந்துவிடவில்லை. வயதான குதிரைக்காரர் ஒருவர் அவருக்கு முன்பே எழுந்து, காப்பியோடு வந்து எழுப்புவார். அந்த வேலைக்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். வால்தம் கிராஸ் என்ற ஊரில் இருந்த அத்தனை ஆண்டுகளில் அந்தக் கிழவர் ஒரு நாளும் தவறியதில்லை என்றும், தாம் பெற்ற வெற்றிக்கு வேறு யாரைக் காட்டிலும் அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகவும் டிரோலப் எழுதினார். இதை அவர் பணிவுக்காகச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருளில் காப்பிக் கோப்பையோடு ஒருவர் வாசலில் நிற்கிறார் என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது கடினம். டிரோலப்பின் ஒழுங்கு என்று நாம் புகழ்வதில் பாதி அந்தக் கிழவருடையது.

இதற்கு நேர் எதிரான கதையை ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொல்லியிருக்கிறார். ‘குப்ளா கான்’ கவிதையை 1816இல் அச்சிட்டபோது அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். அபின் மயக்கத்தில் உறங்கியபோது இருநூறு முந்நூறு அடிகளுக்குக் குறையாத ஒரு கவிதை அப்படியே தமக்குள் வந்து விழுந்தது, விழித்ததும் எழுதத் தொடங்கினார், அந்நேரம் போர்லாக் என்ற ஊரிலிருந்து ஏதோ காரியமாக ஒருவர் வந்து கதவைத் தட்டிவிட்டார், அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் மீதி மறைந்துபோயிருந்தது என்பது அதன் சாரம். எஞ்சியவை 54 அடிகள். உலகில் ஊக்கத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளில் இதைப் போல் பரவியவை மிகச் சில. ஆனால் கோல்ரிட்ஜின் கையெழுத்தில் ஒரு பழைய பிரதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசியில் உள்ள சிறு குறிப்பில் அபின் இருக்கிறது, பண்ணை வீடு இருக்கிறது; கதவைத் தட்டியவர் இல்லை. சில சொற்களும் அச்சில் வந்ததற்கு மாறாக இருக்கின்றன. கனவில் வந்ததையும் கவிஞர் திருத்தியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

கோல்ரிட்ஜ் கதையில் வாசலில் நிற்பவர் கவிதையைக் கொன்றவர். டிரோலப் கதையில் வாசலில் நிற்பவர் நாவலைப் பெற்றெடுக்க உதவியவர். முதல் கதை கவர்ச்சியானது. அதனால் அது வென்றது. எழுதுகிறவருக்குத் தனிமை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், யாரும் வரக்கூடாது என்று நம் காலத்தில் எல்லோரும் நம்புவதற்கு அந்தப் போர்லாக் ஆளும் ஒரு காரணம்.

தமிழில் அருள் வந்து பாடியவர்களின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கென்றே ‘வரகவி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். திருவானைக்காவில் அம்பிகை தாம்பூலத்தை உமிழ, அதை வாயில் ஏற்ற கணத்திலிருந்து காளமேகம் பாடினார் என்கிறது கதை. ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்கிறது இன்னொன்று. ஆனால் இதே மரபு தன் புலவரை ஒருபோதும் தனியாக விட்டதில்லை. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவியை நான்காகப் பிரித்து, கொடுத்த பொருளில் அந்தக் கணத்திலேயே பாடும் ஆசுகவியை முதலில் வைத்தது. ஈற்றடி கொடுப்பவர் ஒருவர் எதிரே இருந்தே தீர வேண்டும். சபையோர் காத்திருக்க, புலவர் முதல் மூன்றடியைக் கட்டிக் கொண்டுவந்து அந்த ஈற்றடியில் சேர்ப்பார். காளமேகம் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் பல இப்படி யாரோ கேட்டதற்குப் பதிலாக வந்தவையாகவே சொல்லப்படுகின்றன. அம்பிகை கொடுத்த வாக்காக இருந்தாலும் அதை வெளியே இழுத்தது எதிரில் இருந்த மனிதர்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த மரபின் கடைசிப் பெருமரம். அவர் எப்படிப் பாடினார் என்பதற்கு நம்மிடம் நேர்ச்சாட்சி இருக்கிறது. 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளிவந்த அவருடைய சரித்திரத்தையும் உ.வே.சா.வே எழுதினார். ஒரு தலத்துக்குப் புராணம் வேண்டுமென்று அன்பர்கள் கேட்பார்கள். வடமொழியில் உள்ள தல வரலாற்றை வடமொழிப் புலவரைக் கொண்டு தமிழ் வசனமாக்கி வைத்துக்கொள்வார். அதை வாசித்து மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு மாணவர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமாக எதிரே உட்காருவார். பிள்ளை சொல்லத் தொடங்குவார். நடுவில் யாராவது வந்து பேசினால் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முடிந்த நூல் பெட்டியில் கிடக்காது. கோயிலில் ஊர் கூடியிருக்க அரங்கேற வேண்டும்.

ஓலையில் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் போல் அதில் கிறுக்கிப் பார்க்க முடியாது. கீறிய எழுத்து கீறியதுதான். எனவே ஒரு விருத்தம் வாயிலிருந்து வெளியே வருமுன் எதுகை, மோனை, சீர், தளை எல்லாம் உள்ளே ஒழுங்காகியிருக்க வேண்டும். அந்தக் கணத்தில் பிள்ளைக்கு உதித்தது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். இளமையிலிருந்து ஆயிரக்கணக்கான செய்யுட்களை மனப்பாடம் செய்து, பிறருக்குப் பாடம் சொல்லிச் சொல்லி ஊறவைத்த மொழி அது. ஊக்கம் எங்கே முடிந்தது, பயிற்சி எங்கே தொடங்கியது என்று அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கோடு கிழிக்க முடியாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையின் புராணங்களை இன்று வாசிப்பவர் மிகக் குறைவு. டிரோலப்பின் நாவல்கள் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. இதைப் பிள்ளையின் வேகத்தின்மேல் பழியாகப் போடுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை என்பது என் எண்ணம். தலபுராணத்தை உட்கார்ந்து கேட்ட ஊர்ச்சபை கலைந்தது. காத்திருந்தவர்கள் எழுந்து போன பின் அந்த வடிவம் வாடியது. காத்திருக்கும் கூட்டம் வேறு இடத்துக்கு மாறியிருந்தது.

அது பத்திரிகைக்கு மாறியது. சென்னையில் வை.மு. கோதைநாயகி என்ற இளம்பெண் தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுதக்கூடத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ஐந்தரை வயதில் மணமான, பள்ளிக்குப் போகாத ஒரு பெண்ணின் கதைகள் காற்றில் போகாமல் காகிதத்தில் நின்றதற்கு முன்னால் உட்கார்ந்த அந்தத் தோழி காரணம். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு கோதைநாயகிக்கு மாதந்தோறும் வாசகர்கள் காத்திருந்தார்கள். 115 நாவல்கள் வந்தன. கல்கி 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதியபோது, ஓவியர் மணியமும் அச்சுக்கூடமும் எண்ணற்ற வீடுகளும் அத்தியாயத்துக்காகக் காத்திருந்தார்கள். 2014 புத்தாண்டில் தொடங்கி 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்ட ஜெயமோகனுக்கும் மறுநாள் காலையில் வாசகர்கள் இருந்தார்கள்.

காத்திருப்பவர் ஒருவர் இருப்பதால் என்ன மாறுகிறது என்பதை அளந்து பார்த்தவரும் உண்டு. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுத முடியாமல் திணறிய 27 கல்லூரி ஆசிரியர்களை ஒன்பது ஒன்பது பேராக மூன்று குழுவாக்கினார். முதல் குழுவினர் அவசரம் என்றாலொழிய எழுதக்கூடாது. இரண்டாம் குழுவினர் எழுத நேரம் குறித்துக்கொள்ளலாம், ஆனால் மனம் வந்தால் மட்டும் எழுதலாம். மூன்றாம் குழுவினர் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் தமக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குத் தம் பணம் போகும். முடிவில் நாளொன்றுக்கு முதல் குழு 0.2 பக்கமும், இரண்டாவது 0.9 பக்கமும், மூன்றாவது 3.2 பக்கமும் எழுதியிருந்தன. பக்கக் கணக்கு யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. பாய்ஸ் புதிய எண்ணங்களையும் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார். கட்டாயமாக எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று வந்தது; மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று; எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. எண்ணம் வரட்டும் என்று இருந்தவர்களுக்குத்தான் எண்ணம் குறைவாக வந்தது.

1989இல் அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பழையபடி நேரம் கிடைத்தபோது மொத்தமாக எழுதியவர்கள் ஓராண்டில் சராசரியாக 17 பக்கம் முடித்தார்கள். தினமும் எழுதி, கணக்கு வைத்துக்கொண்டவர்கள் 64 பக்கம். தினமும் எழுதி, கணக்கு வைத்து, அதை வாரந்தோறும் ஒருவரிடம் காட்டியவர்கள் 157 பக்கம். தினமும் எழுதிக் கணக்கு வைத்தது மட்டும் மூன்றரை மடங்குக்கு மேல் கூட்டியது என்றால், எதிரே ஒரு ஆள் வந்ததும் அது மறுபடியும் ஏறத்தாழ இரண்டரை மடங்காகியது. ஆய்வில் பங்குகொண்டவர்கள் சிலரே, அவர்கள் எழுதியவை ஆய்வுக் கட்டுரைகளே, கவிதை அல்ல என்பதை நினைவில் வைத்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் குதிரைக்காரக் கிழவரின் நிழல் அந்த 157இல் தெரிகிறது.

திடீரென்று வரும் பொறியை நான் மறுக்கவில்லை. குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாக்கியம் வந்திருக்கிறது. எழுதுகிற எவரையும் கேட்டுப் பார்க்கலாம். 2019இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் தொழில்முறை எழுத்தாளர்களிடமும் இயற்பியலாளர்களிடமும் அவர்களுடைய அன்றாடச் சிறந்த எண்ணம் எப்போது தோன்றியது என்று குறிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேலையை விட்டு விலகி மனம் எங்கோ அலைந்தபோது வந்திருந்தது. அப்படி வந்தவை, மற்றவற்றைக் காட்டிலும் அதிகமாக, முன்பே முட்டிக்கொண்டு நின்ற இடத்தைத் திறந்துவிட்டவையாக இருந்தன. முட்டிக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தானே திறப்பு? மற்ற நான்கு பங்கு வேலையோடு ஒட்டியே வந்தவை.

அப்படியானால் சிறுகதையாளர் மௌனி என்று கேட்பீர்கள். 1907இல் பிறந்து 1985 வரை வாழ்ந்தவர். எழுதிய கதைகள் 24. அவரை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? அளக்கவே கூடாது என்பேன். பக்க எண்ணிக்கை இலக்கியத்தின் அளவுகோல் அல்ல. 47 நாவல்களுக்குப் பதில் மௌனியின் ஒரு கதை போதும் என்று ஒருவர் சொன்னால் நான் வாதிட மாட்டேன். ஆனால் அவர் சும்மா காத்திருந்து எழுதியவர் என்பது பொருந்தாது. திருத்தித் திருத்தி எழுதியவர் என்றே அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அவரை எழுதத் தூண்டி, கதையைக் கேட்டு வாங்கி, ‘மணிக்கொடி’ இதழில் வெளியிட்டவர் பி.எஸ். ராமையா. அந்த மௌனத்துக்கு எதிரிலும் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

என் மேசையில் ஒரு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் ஒன்பது ஆண்டுகள் கிடந்தன. அதற்கான மனநிலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்து, ‘இந்த வாரம் என்ன எழுதினீங்க, படிங்க, கேக்கறேன்’ என்று ஒரு தோழி உட்காரத் தொடங்கிய பிறகு நான்காவது அத்தியாயம் வந்தது. அவர் விமர்சகர் அல்லர். காப்பியைக் குடித்துக்கொண்டு கேட்பார், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவுகளில் எனக்கு ஊக்கம் என்று வந்தது அவருடைய வருகையின் நினைப்பு என்றே இன்று எண்ணுகிறேன்.

ஆகவே எழுதாமல் நின்றுபோனவர்களைச் சோம்பேறி என்று பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. டிரோலப்புக்குக் கிழவர் இருந்தார், எடுத்தெழுத ரோஸ் இருந்தார். அந்த ஐந்தரை மணியில் நம் வீடுகளில் எழுதக்கூடிய பெண்கள் யாருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்? அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்காகத்தான் காத்திருந்தார்கள். பட்டம்மாள் போல ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் இருந்திருந்தால் தமிழ் நாவலின் வரலாறு எத்தனை பெயர்களோடு இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1876 பிப்ரவரி முதல் தேதி மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தார். எதிரில் உட்கார்ந்து எழுதிய பையன் வளர்ந்து, பழைய ஏடுகளைத் தேடி அலைந்து, சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்தார். அவர் தம் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1940 ஜனவரியில், 85 வயதை எட்டும்போது, ‘ஆனந்த விகடன்’ வாரந்தோறும் கேட்டு வாங்க முன்வந்தது. மாணவர் கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். தாம் ஓலை பிடித்து உட்கார்ந்த இடத்தில் இப்போது இன்னோர் இளைஞர். ஆசிரியர் இருந்த இடத்தில் தாம். வாரம் ஓர் அத்தியாயமாக ‘என் சரித்திரம்’ வந்தது. மாயூரமும் திருவாவடுதுறையும் மாட்டுவண்டியும் மகாவித்துவானின் குரலும் அதில் வந்தன. 1942 ஏப்ரல் 28 அன்று உ.வே.சா. காலமானபோது 122 அத்தியாயங்கள் முடிந்திருந்தன. அவர் வாழ்க்கைக் கதை அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டவில்லை.